அப்பு கூட்டாத முற்றம்

1

எங்கள் கட்டடத்தின் வாசற்கதவில் இந்த வருடமும் மஞ்சள் தாளை ஒட்டிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தரை மணி. எல்லா வீட்டாரும் வரவும். கையுறை கொண்டு வரவும். குப்பை வாரும் விறாண்டியும் கூட்டும் தும்புத்தடியும் கீழே தரப்படும். வேலை முடிந்ததும் கோப்பி, வாஃபிள், சொசேஜ். தாளின் அடியில் ஓர் அட்டவணை. வருகிறவர்கள் தங்கள் வீட்டு இலக்கத்துக்கு நேரே எத்தனை பேர் என்று எழுத வேண்டும்.

ஒஸ்லோவில், அம்மருட் பகுதியில் இந்த மாடிக் கட்டடத்துக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் இலக்கத்துக்கு நேரே வெறுமையாகத்தான் இருக்கும். இந்த முறை அதில் 3 என்று எழுதியிருந்தது. வயிறு பெருத்து, வால் உள்ளே சுருண்ட 3. பதினொரு வயதான என் மகள் மயூரியின் எழுத்து. அப்பு என்று நான் கூப்பிட்ட என் அப்பாவின் முதலாம் ஆண்டு ஆட்டைத்திவசம் முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. படைத்த வடையில் மிச்சம் இன்னும் குளிர்சாதனப் பெட்டிக்குள் கிடந்தது.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு அந்தத் தாள் என்னவென்று சொல்ல வேண்டும். இங்கே அதை டுக்னாட் என்பார்கள். குளிர்காலத்தில் பனி இறுகி வழுக்கும் என்பதற்காகப் பாதையெல்லாம் சின்னச் சின்னக் கற்களைத் தூவிவிடுவார்கள். சித்திரையில் பனி உருகும்போது அந்தக் கற்களும், மாதக்கணக்காகப் புதைந்து கிடந்த குப்பையும், பிள்ளைகள் தொலைத்த ஒற்றைக் கையுறைகளும் வெளியே வரும். ஒரு மாலை கட்டடத்தில் இருப்பவர்கள் எல்லாரும் இறங்கி அதைக் கூட்டி அள்ளுவார்கள். கூலி கிடையாது. வைத்தியர் இருந்தால் அவரும் வருவார், பஸ் ஓட்டுபவர் இருந்தால் அவரும் வருவார். வராதவர்களை யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் வராதவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

முதல் வருடம் அந்தத் தாளை வாசித்துவிட்டு என் கணவர் சிரித்தார்.

"இஞ்சை பாரும், இது எங்கட சிரமதானம்தான்."

"சிரமதானத்தில நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"நானோ? பள்ளிக்கூட வளவுக்கை புல்லுச் செருக்கினனான். வாத்தியார் பாக்காத நேரம் கிரிக்கெட் விளையாடினனான்."

"நான் என்ன செய்தனான் எண்டு தெரியுமோ?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். அவரும் எங்கள் ஆட்கள்தான். ஆனால் நகரத்தில் வளர்ந்தவர். தெரியாமல் இருக்கவில்லை, பார்க்காமல் இருந்தவர்.

"சரி, நீர் போக வேண்டாம்," என்று மட்டும் சொன்னார். அதோடு அந்தக் கதை எங்கள் வீட்டில் முடிந்தது.

2

எங்கள் ஊர்க் கோயிலில் கொடியேற்றத்துக்கு முன் சிரமதானம் என்று அறிவிப்பார்கள். எல்லாரும் வரவும் என்றுதான் அங்கும் அறிவிப்பு. எங்கள் ஆட்கள் வெளிவீதியைக் கூட்டுவார்கள். கொமிற்றிக்காரர்கள் நிழலில் கதிரை போட்டு இருந்து கொப்பியில் பெயர் எழுதுவார்கள். அவர்களுக்குத் தேநீர் கிளாசில் வரும். எங்களுக்குப் பழைய பால்மாத் தகரப் பேணிகளில் ஊற்றி, வீதிக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போவார்கள். அப்பு குடித்து முடித்ததும் பேணியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். என்னுடையதையும் அவரே கழுவுவார்.

வீடுகளில் வேலைக்கு அந்த அறிவிப்பும் கிடையாது. பெரிய வீட்டில் கலியாணம் என்றால் ஓர் ஆள் வந்து எங்கள் படலையில் நின்று கூப்பிடுவார். முற்றம் கூட்ட அப்பு போவார். அந்த முற்றத்தில் கால் வைக்கும்போதே தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வார். என் வயதுப் பிள்ளைகள் அவரைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். 'சொன்னாச் சரி' என்பதுதான் அவருடைய பதில். எதைச் சொன்னாலும் அதுதான் பதில்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். உயர்தரச் சோதனையில் எல்லாப் பாடத்திலும் சித்தியடைந்தேன். பெறுபேறு வந்த தாளை அப்பு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அரிசிப் பானைக்குள் வைத்தார். எலி வராத ஒரே இடம் அதுதானாம். கலியாணம் பேசி நோர்வேக்கு வரும்போது அந்தத் தாளில் தவிட்டு மணம் இருந்தது. இப்போதும் இலேசாக இருக்கிறது.

ஒஸ்லோவில் வேலை அலுவலகத்தில் துப்புரவு வேலை உடனே எடுத்துத் தரலாம் என்றார்கள். எங்கள் சனத்தில் பாதிப்பேர் அதில்தான் தொடங்கினார்கள். அதில் நின்றே வீடு வாங்கினார்கள், பிள்ளைகளை ஆளாக்கினார்கள். இன்று அதை மரியாதையோடு எழுதுகிறேன். அன்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம், எனக்குத் தெரிந்த கொஞ்ச நோர்வேஜிய மொழியில், "நான் கூட்ட மாட்டேன்" என்றேன். "வேண்டாம், நன்றி" என்றிருந்தாலே போதும். அந்தப் பெண் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. நான் யாரையோ திட்டுகிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. யாரை என்றுதான் புரியவில்லை.

பிறகு இரண்டு வருடம் மொழி படித்தேன், சோதனை எழுதினேன், ஒரு பள்ளிக்கூடத்தில் தாய்மொழி ஆசிரியை ஆனேன். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடத்தைத் தமிழில் விளங்கப்படுத்தும் வேலை. அடுத்தவர் பிள்ளைகள் என்னிடம் தமிழ் எழுதப் பழகினார்கள். என் பிள்ளையிடம் நான் தமிழில் கேட்டால் நோர்வேஜிய மொழியில் பதில் வரும். சப்பாத்தைக் கழற்றச் சொன்னாலும், சாப்பிட வரச் சொன்னாலும், "ஊஷ், மம்மா" என்று அலுத்துக்கொள்வாள். அவள் தமிழை மட்டுமே பேசிய காலம் ஒன்றுதான் உண்டு. அப்பு இங்கே இருந்த மூன்று மாதம்.

3

போரில் மூடியிருந்த பாதை திறந்து, சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அப்புவை மூன்று மாத விசாவில் கூப்பிடலாம் என்று படிவம் நிரப்பினோம். 'தொழில்' என்ற இடத்தில் நான் விவசாயி என்று எழுதினேன். சில வாரங்களில் கடிதம் வந்தது. விவசாயி என்றால் காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியை இணைக்கவும், அவர் திரும்பிப் போவார் என்பதற்கு அது ஆதாரமாகும் என்று எழுதியிருந்தார்கள். அப்புவின் பெயரில் ஒரு முழக் காணியும் இல்லை. நாங்கள் குடியிருந்த கொட்டிலின் வளவும் பெரிய வீட்டுக்காரருடையது.

அப்புவைத் தொலைத்தொடர்பு நிலையத்துக்கு வரச்சொல்லிப் பேசினேன்.

"ஏன் பிள்ளை அப்பிடி எழுதினனீ?"

"வேற என்னத்தை அப்பு எழுதுறது?"

"கூலி எண்டு எழுது. அதுக்கு உறுதி கேக்க மாட்டினம்."

சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூலி வேலையாள் என்று மாற்றி எழுதிக்கொண்டு விசா அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அந்தச் சொல்லை வாசித்தார். அவருடைய முகத்தில் எதுவும் அசையவில்லை. முத்திரையைக் குத்தி அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஏனோ ஏமாற்றமாக இருந்தது. சண்டைக்கு ஆயத்தமாகப் போனவளுக்குச் சண்டை கிடைக்காத ஏமாற்றம்.

4

சித்திரை நடுப்பகுதியில் அப்பு வந்து இறங்கினார். பகலில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம். அவர் பல்கனியில் கதிரையைப் போட்டு, மருமகனின் ஜக்கெற்றும் கழுத்தில் மஃப்ளருமாக இருந்து கீழே போகிறவர்கள் எல்லாருக்கும் கை காட்டுவார். அடுத்த வீட்டுக்காரர் லிஃப்டுக்குள் வந்தாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஊர் இது. முதல் கிழமை ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. இரண்டாம் கிழமை எதிர்வீட்டுப் பெரிட் கை காட்டினார். அதற்குப் பிறகு நாய் கூட்டிப் போகிறவர்களும் தபால்காரரும் காட்டத் தொடங்கிவிட்டார்கள். அப்போது ஆறு வயதான மயூரி பள்ளியால் வந்ததும் அவருக்குப் பக்கத்தில் நின்று இன்னார் இன்னார் என்று அறிமுகம் செய்வாள்.

டுக்னாட் நாளன்று என் கணவருக்கு உணவகத்தில் மாலை வேலை. நான் வழமைபோலத் திரைச்சீலையை இழுத்துவிட்டுச் சமையலறையில் நின்றேன். அப்பு பல்கனியிலிருந்து கூப்பிட்டார்.

"பிள்ளை, கீழை சனம் கூடி நிக்குது. ஏதும் செத்தவீடோ?"

"இல்லை அப்பு. கல்லுக் கூட்டினம்."

"அந்தக் கல்லை ஆர் கொண்டு வந்து கொட்டினது?"

"அவையள்தான்."

"பிறகேன் கூட்டினம்?"

"பனி போயிட்டுது. இனித் தேவையில்லை."

அவர் மறுபடி கீழே பார்த்தார். "ஆக்கள் கூலிக்கு வந்தவையோ?"

"இல்லை. இந்தக் கட்டடத்து ஆக்கள்தான்."

"அந்தச் சிவப்பு ஜக்கெற் மனிசி எங்கட முன்வீட்டுக்காரியெல்லே? எனக்குக் கை காட்டுறவ."

"ஓம், பெரிட். அவ ரீச்சர். இந்தக் கட்டடக் கொமிற்றிக்கும் அவதான் தலைவி."

"தலைவியோ?" அப்பு எழுந்து கைபிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். "ரீச்சரோ கூட்டுறா? தலைவியோ?" பிறகு பலமாகச் சிரித்தார். "பார் பிள்ளை, தும்புத்தடியைப் பிடிக்கிற பிடியை. இப்பிடிப் பிடிச்சா நாளைக்கு இடுப்பு, நாரி ஒண்டும் நிமிராது. ஆராவது சொல்லிக் குடுக்க வேணும்."

நான் அடுப்புக்குத் திரும்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வாசல் நடையில் சத்தம் கேட்டது. அப்பு முக்காலியில் இருந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். இந்த நாட்டில் வீட்டுக்குள் ஒருவரும் சப்பாத்துப் போடுவதில்லை. போட்டால் வெளியே புறப்படுகிறார் என்று அர்த்தம். கயிறு கட்டப் பழக்கமில்லாத மனிதர். மயூரி குனிந்து நின்று மற்றக் காலைக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கை வெளிக்கிடுறியள்?"

"சும்மா இருந்து இருந்து கை விறைச்சுப் போச்சு பிள்ளை. ஒருக்கா இறங்கி ரெண்டு இழுவை இழுத்திட்டு வாறன்."

"வேண்டாம்."

"எல்லாரும்தானே நிக்கினம்."

"நீங்கள் கூட்டினது போதும் அப்பு. என்ர வீட்டிலயிருந்து ஒருத்தரும் தும்புத்தடியோட இறங்கிறேல்லை. அதுக்கோ நான் படிச்சனான்?"

குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. அப்பு என்னைப் பார்த்தார். கழுத்தில் கிடந்த மஃப்ளரை மெல்ல எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"சொன்னாச் சரி," என்றார்.

அந்த நேரம் பார்த்து வாசல்மணி அடித்தது. அழைக்காமல் அடுத்தவர் மணியை அடிக்கிற பழக்கம் இங்கே இல்லை. பெரிட் நின்றார். கன்னம் சிவந்து, தலைமயிரில் தூசு.

"உங்கள் அப்பா எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்," என்றார். "அவருக்கென்று ஒரு விறாண்டி எடுத்து வைத்திருக்கிறோம். வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, மேசைக்காவது வரட்டும். எல்லாரும் அவரைக் கேட்கிறார்கள்."

"அவருக்குச் சுகமில்லை," என்றேன். இலக்கணப் பிழை இல்லாத, நல்ல நோர்வேஜிய மொழியில்.

பெரிட் என் தோளுக்கு மேலால் உள்ளே பார்த்தார். அப்பு முக்காலியை விட்டு எழும்பி நின்று அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பெரிட்டும் சிரித்தார். தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

"என்னவாம் ரீச்சர்?"

"சும்மா சுகம் விசாரிச்சவ."

மயூரி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பு மறுபடி முக்காலியில் இருந்து கயிற்றை அவிழ்த்தார். கட்ட எடுத்த நேரத்தைவிட அவிழ்க்க அதிக நேரம் எடுத்தது.

ஆடியில் அவர் திரும்பிப் போனார். பிறகு பாதை மறுபடி மூடியது. அவர் வருத்தம் வந்து படுக்கையில் கிடக்கிறார் என்று செய்தி வந்தபோது நான் கொழும்பு வரை போய் நிற்கலாம், அதற்கு அப்பால் அனுமதி எடுக்க எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியாது என்றார்கள். மூன்றாம் நாளே முடிந்துவிட்டது. செத்தவீட்டை நான் தொலைபேசியில் கேட்டேன்.

5

இந்தச் சித்திரைக்கு வருகிறேன். 3 என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு மேலே வந்து மயூரியைப் பிடித்தேன்.

"ஆரைக் கேட்டு எழுதினனீ?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை."

கோபத்தில் அவள் வாயில் நோர்வேஜிய மொழி மட்டும்தான் வரும். அன்று தமிழில் பதில் சொன்னாள். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"என்ர கிளாசில நாலு பேர் இந்த புளொக்கில இருக்கினம் அம்மா. எல்லாற்ற வீட்டாலயும் வாறவை. நீங்கள் மட்டும் கேர்ட்டினை மூடிப்போட்டு உள்ளை இருக்கிறீங்கள். உங்களுக்கு வெக்கமா இல்லையோ?"

"எனக்குக் காரணம் இருக்கு."

"அம்மப்பாவும் அதைத்தான் சொன்னவர்."

"அப்பு என்ன சொன்னவர்? எப்ப?"

அவள் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினாள். "பெரிட் வந்த அண்டைக்கு. பல்லுத் தீட்டேக்கை நான் அவருக்குச் சொன்னனான். அவருக்கு விறாண்டி வைச்சிருக்கினம், சாப்பிட வரச் சொன்னவை எண்டு. நீங்கள் வருத்தம் எண்டு பொய் சொன்னதையும் சொன்னனான்."

"அதுக்கு?"

"அம்மா படிச்சவ, ஏதும் காரணம் இருக்கும் எண்டவர். தனக்குத் தெரியும் எண்டு உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டும் சொன்னவர். சத்தியம் வாங்கினவர்."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகும் நான் அதே இடத்தில் நின்றேன். டுக்னாட்டுக்குப் பிறகு அப்பு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் எங்களுடன் இருந்தார். அந்த நாட்களில் பல்கனிக் கதிரையை ஒரு முழம் உள்ளே தள்ளிப் போட்டிருந்தார். கீழே நிற்பவர்களுக்கு அவர் தெரியமாட்டார். கை காட்டுவதும் நின்றுபோனது. குளிர் தாங்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனி மாதத்தில், ஜன்னலெல்லாம் திறந்து கிடந்த வெயிலில், அப்படி நினைத்துக்கொண்டேன். மகள் வருத்தம் என்று சொல்லிவிட்ட மனிதர் பல்கனியில் நின்று சிரித்துக் கை காட்டினால் மகளின் பேச்சு என்ன ஆவது?

அந்த மஃப்ளரை அவர் எடுத்துக் கையில் பிடித்ததை நான் அன்றே பார்த்தேன். எங்கே பார்த்த செயல் என்றும் அன்றே தெரிந்தது. தெரிந்ததை நினைக்காமல் இருக்கத்தான் ஐந்து வருடம் போனது. அவர் தன் வாழ்நாளில் யார் யார் முற்றத்திலோ அப்படி நின்றவர். கடைசியாக நின்றது என் வீட்டு நடையில்.

செவ்வாய்க்கிழமை மூவரும் இறங்கினோம். என் கணவர் வேலையை மாற்றி எடுத்திருந்தார். மயூரி எங்களோடு இறங்கி, பத்து அடி தள்ளிப்போய்த் தன் சிநேகிதிகளோடு சேர்ந்துகொண்டாள். எனக்கு ஒரு தும்புத்தடி தந்தார்கள். பதினாறு வயதோடு விட்ட வேலை. கை மறக்கவில்லை. நாரி நோகாமல் எப்படிப் பிடிப்பது என்று அதற்குத் தெரிந்திருந்தது. கற்கள் சரசரவென்று சேர்ந்தன. ஒருவரும் என்னை விசேஷமாகப் பார்க்கவில்லை. ஒன்பது வருடம் நான் திரைக்குப் பின்னால் நின்று காத்த மானத்தை இங்கே கேட்பாரில்லை.

முடிந்ததும் நீண்ட மேசையில் எல்லாருக்கும் ஒரே விதமான கடதாசிக் கோப்பைகளில் கோப்பி ஊற்றினார்கள். பெரிட் தன் கோப்பையுடன் என் பக்கத்தில் வந்து இருந்தார். இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், முழங்காலில் நோவு. வெயிலைப் பற்றிப் பேசினோம். பிறகு அவர் கேட்டார்:

"உங்கள் அப்பாவுக்கு அப்போது சுகமில்லை என்றீர்களே. பிறகு சுகமாகியதா?"

ஐந்து வருடம் அவர் அதைக் கேட்கவில்லை. கேட்டால் தலையிடுவதாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

"போன வருடம் இறந்துவிட்டார்," என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அன்றைக்கு அவருக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை. நான்தான் விடவில்லை."

ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கோயில் வீதி, பால்மாப் பேணி, தோள் துண்டு எல்லாவற்றுக்கும் நோர்வேஜியச் சொற்களை, கற்களைக் கூட்டும்போதே மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. அண்ணாந்து எங்கள் பல்கனியைச் சிறிது நேரம் பார்த்தார்.

"சப்பாத்தெல்லாம் போட்டுக்கொண்டு நின்றாரே," என்றார்.